மேலே வந்த பிறகு தொடங்கும் வலி

நீருக்கடியில் இருக்கும்வரை இந்த நோய் ஆளைத் தொடாது. குழாயில் காற்று ஒழுங்காக வரும், கை கால் சொன்னபடி கேட்கும், வேலையும் முடியும். படகேறி, துணி மாற்றி, தே தாரேக் குடித்து, மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் தோளில் ஒரு குடைச்சல் தொடங்கும். நாள் முழுக்கப் பாடுபட்ட உடம்பு, வலிக்கத்தான் செய்யும் என்று கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, ரெண்டு பானடோலைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார்கள் நம் ஆட்கள். அந்த ஓர் இரவு எவ்வளவு விலை பிடித்தது என்பதை எங்கள் குடும்பத்தில் பார்த்துவிட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிகம்ப்ரஷன் நோய் என்று மருத்துவத்தில் சொல்வார்கள். டைவர்கள் 'பெண்ட்ஸ்' என்பார்கள். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா பால்மரம் வெட்டினார். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு குலை அறுத்தார். எங்களுக்குக் கடல் என்றால் பள்ளி விடுமுறையில் தெலுக் பாத்திக்கில் குளிப்பது, அவ்வளவுதான். இன்று அந்த லயங்களில் பாதிக்கு மேல் ஆளில்லை. இருக்கிற வீடுகளிலும் நம் பிள்ளைகள் தோட்ட வேலைக்குப் போவதில்லை. லூமுட் பக்கம் கப்பல் பட்டறை, பங்கோர் பக்கம் மீன் கூண்டு, வாய்ப்புக் கிடைத்தவர்களுக்கு லாபுவான், கெமாமான் என்று கடலை நம்பிப் போகிறார்கள். ஒருவன் வெல்டிங் கற்றுக்கொள்கிறான், இன்னொருவன் தண்ணீருக்குள் இறங்கக் கற்றுக்கொள்கிறான். இறங்கச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எப்படி ஏறுவது என்பதைச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்பதுதான் என் கவலை.

உடம்புக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாம் இழுக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். உடம்பு அதை எதற்கும் பயன்படுத்துவதில்லை. உள்ளே போகும், வெளியே வரும். தரையில் நம்மை அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு வளிமண்டலம் கூடும். 30 மீட்டரில் மொத்தம் நான்கு. அந்த ஆழத்தில் நெஞ்சு விரிய வேண்டுமானால் குழாயில் வரும் காற்றும் அதே நான்கு மடங்கு அழுத்தத்தில் வந்தாக வேண்டும். அழுத்தம் கூடக் கூடத் திரவத்தில் வாயு அதிகமாகக் கரையும். வில்லியம் ஹென்றி 1803இல் கண்டு சொன்ன விதி இது. இப்படி ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், ரத்தம் போகிற இடத்துக்கெல்லாம் போய் ஊறுகிறது. ரத்த ஓட்டம் தாராளமாக உள்ள மூளையும் சிறுநீரகமும் சில நிமிடங்களிலேயே நிரம்பிவிடும். கொழுப்பும் மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களும் மெதுவாக நிரம்பும், மெதுவாகவே காலியாகும். அதிலும் கொழுப்பு, தண்ணீரைப் போலச் சுமார் ஐந்து மடங்கு நைட்ரஜனை வாங்கி வைத்துக்கொள்ளும்.

கீழே இருக்கும்வரை இதனால் தொல்லை இல்லை. மேலே வரும்போது அழுத்தம் குறைகிறது. கரைந்திருந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும். நிதானமாக ஏறினால் அது திசுவிலிருந்து ரத்தத்துக்கு வந்து, ரத்தத்திலிருந்து நுரையீரலுக்குப் போய், மூச்சோடு மூச்சாக வெளியே போய்விடும். அவசரமாக ஏறினால் அந்த வழி போதாது. இருந்த இடத்திலேயே குமிழியாக உருவெடுக்கும். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் ஸ்மோக் ஹவுஸ் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஈர ஷீட்டைத் தொங்கவிட்ட முதல் நாளே சூட்டை ஏற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் ரப்பருக்குள்ளேயே கொப்புளம் கட்டும், ஷீட்டு தரம் இறங்கிவிடும். சூட்டை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் அதே ஷீட்டு கண்ணாடியாகக் காயும்.

நான் வேலை பார்ப்பது ஒரு டயாலிசிஸ் சென்டரில். எங்கள் மெஷினில் ரத்தம் நோயாளிக்குத் திரும்பும் வழியில் காற்றைக் கண்டுபிடிக்கும் ஒரு சென்சார் உண்டு. குமிழி தென்பட்ட மாத்திரத்தில் அலாரம் அடிக்கும், கிளாம்ப் தானாக மூடிக்கொள்ளும், பம்ப் நின்றுவிடும். ரத்தத்துக்குள் காற்று போகக் கூடாது என்பதை எங்களுக்குப் பயிற்சியின் முதல் நாளிலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். டைவருடைய உடம்பில் அப்படியொரு கிளாம்ப் கிடையாது. குமிழி ஒரு குழாய் வழியாக வருவதும் இல்லை. சிரைகளில், மூட்டோரத்தில், கொழுப்பில், நரம்பைச் சுற்றி என்று அங்கங்கே பிறக்கிறது.

ஆனால் நுரையீரல் ஒரு நல்ல வடிகட்டி. சிரைகளில் வரும் குமிழிகளைப் பெரும்பாலும் அதுவே பிடித்து வெளியேற்றிவிடும். ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்க உதவும் டாப்ளர் கருவி வைத்துக் கேட்டால், எந்தத் தொல்லையும் இல்லாமல் கரையேறிய டைவர்களின் ரத்தத்திலும் குமிழிகள் ஓடுவது தெரியும். அளவு மிஞ்சும்போதுதான் ஆபத்து. நெஞ்சு இறுகி, இருமல் வந்து, மூச்சு முட்டும். இன்னொரு விஷயமும் உண்டு. கருவில் இருக்கும்போது எல்லோருடைய இதயத்திலும் வலது மேலறைக்கும் இடது மேலறைக்கும் நடுவில் ஒரு சின்ன வழி இருக்கும். பிறந்த பிறகு அது மூடிக்கொள்ள வேண்டும். பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது முழுதாக மூடுவதில்லை. சாதாரண வாழ்க்கையில் அது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. டைவிங்கில் மட்டும், அந்த வழியாகக் குமிழி நுரையீரலைத் தாண்டி மூளைக்கும் உட்காதுக்கும் போய்விடலாம். ஒரே படகில், ஒரே ஆழத்தில், ஒரே நேரம் இருந்த இருவரில் ஒருவன் நன்றாக இருக்க இன்னொருவன் தலைசுற்றி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குமிழி வழியை அடைப்பதோடு நிற்பதும் இல்லை. ரத்தக்குழாயின் உட்சுவரைச் சிராய்க்கிறது, தட்டணுக்களைத் திரட்டுகிறது, வீக்கத்தைத் தூண்டுகிறது. குழாய்ச் சுவரிலிருந்து நீர் கசிந்து ரத்தம் தடித்துப்போகிறது. குமிழி கரைந்த பிறகும் இந்தச் சேதம் தொடரும். நேரம் கடத்தினால் சிகிச்சை கடினமாவது இதனால்தான்.

இனி என் அண்ணன் மகன் கதைக்கு வருகிறேன்.

பூலாவ் செம்பிலான் பக்கம் பாறையில் சிக்கிக்கொண்ட நங்கூரத்தையும் வலையையும் எடுக்க அவனைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். படகில் ஒரு கம்ப்ரஸர், அதிலிருந்து நீளமான மஞ்சள் குழாய், வாயில் ஒரு ரெகுலேட்டர். கையில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் இல்லை, வாட்சும் இல்லை. ஆழம் 25 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அந்த ஆழத்தில் இருந்துவிட்டு நடுவில் நிற்காமல் நேராக மேலே வர அனுமதிக்கும் நேரம், பெரும்பாலான டைவிங் அட்டவணைகளில், அரை மணியைச் சுற்றித்தான் இருக்கும். சிலிண்டரில் இறங்குகிறவனுக்குக் காற்று தீர்ந்துபோகும் என்ற பயமாவது அவனை மேலே கொண்டுவந்துவிடும். கம்ப்ரஸர் குழாயில் காற்று தீராது. படகில் டீசல் உள்ளவரை வந்துகொண்டே இருக்கும். அவன் இறங்கினான், ஏறினான், கயிறு கேட்டான், கத்தி கேட்டான், மறுபடி இறங்கினான். ஒவ்வொரு இறக்கத்திலும் முந்தைய இறக்கத்தின் நைட்ரஜன் பாக்கியிருக்க, அதன் மேலேயே இன்னும் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது.

இரவு வலது தோளில் குடைச்சல். அண்ணி தைலம் தேய்த்துவிட்டார். காலையில் டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறான். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். என்ன வேலை செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கடலுக்குள் இறங்கியதைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை. மதியம் நான் அங்கே போனபோது அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். கால் மரத்துப்போய்விட்டதாகச் சொன்னான்.

"தோள அமுக்குனா வலிக்குதாடா?"

"இல்லத்தே. அமுக்குனா ஒண்ணும் தெரியல. உள்ளுக்குள்ளதான் கொடையுது."

சுளுக்காக இருந்தால் கை வைத்த இடத்தில் துள்ளியிருப்பான். பெண்ட்ஸ் வலி ஆழத்தில் இருக்கும். இந்த இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அமுக்கினால் அதிகமாகாது, அசைத்தால் பெரிதாக மாறாது. அவனைப் படுக்க வைத்துப் பேனா மூடியால் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை கோடு இழுத்தேன். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பேனா மூடி போவது கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போன?"

"நேத்துப் போட்ல இருக்கும்போது. அதுக்கப்புறம் வரல."

தொப்புளுக்குக் கீழே தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்தது.

தோள்வலி, கால் மரத்தது, சிறுநீர் நின்றது என்று அண்ணி அவற்றை மூன்று தனித்தனித் தொல்லைகளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் வேலையால், கால் ஊசியால், சிறுநீர் தண்ணீர் குடிக்காததால் என்று ஆளுக்கொரு விளக்கம். மூன்றையும் இணைப்பது குமிழி. காலுக்கும் சிறுநீருக்கும் அது கெடுத்த இடம் தண்டுவடம். அதன் வெண்பகுதி முழுக்கக் கொழுப்பு உறை போர்த்திய நரம்பிழைகள். கொழுப்பு என்பதால் நைட்ரஜனை நிறையப் பிடித்து வைத்திருக்கும். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சிரை வலையில் ரத்தம் ஏற்கெனவே மெதுவாகத்தான் ஓடும். அங்கே குமிழி தேங்கினால் ரத்தம் பின்னுக்குத் தேங்கி, நரம்பிழைகள் மூச்சுத் திணறிச் சாக ஆரம்பிக்கும். கால் மரப்பது, பலம் குறைவது, சிறுநீர் அடைபடுவது எல்லாம் அந்த ஒரே இடத்துத் தகராறு. டைவ் முடிந்து சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய அடையாளம். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் அல்ல. வயசுப் பையன்கள் அம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

மருத்துவமனையில் நுழைந்ததும் நான் முதலில் சொன்னது, "கடலுக்குள் இறங்கியவன், கம்ப்ரஸர் காற்று" என்பதைத்தான். அந்த வாக்கியத்துக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. முகமூடி வைத்து ஆக்சிஜன், சிறுநீர்க் குழாய், சலைன், பிறகு லூமுட். நம் ஊருக்குப் பக்கத்திலேயே, லூமுட் கடற்படைத் தளத்து ஆயுதப்படை மருத்துவமனையில், அழுத்த அறை இருக்கிறது. நாட்டில் எத்தனையோ ஊர்க்காரர்களுக்கு வாய்க்காத வசதி இது. சித்தியவானில் பலருக்கு அது இருப்பதே தெரியாது என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

அழுத்த அறை செய்வது இரண்டு வேலை. ஆளை உள்ளே வைத்து அழுத்தத்தை ஏற்றுவார்கள், குமிழிகள் சுருங்கும். கூடவே சுத்தமான ஆக்சிஜன் கொடுப்பார்கள். மூச்சில் நைட்ரஜனே இல்லாததால் உடம்பிலுள்ள நைட்ரஜன் வேகமாக வெளியேறும், பட்டினி கிடந்த திசுக்களுக்கும் ஆக்சிஜன் எட்டும். உலகெங்கும் பரவலாகப் பின்பற்றும் அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் அட்டவணைப்படி, 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான 2.8 வளிமண்டல அழுத்தத்தில் தொடங்கி, நடுநடுவே சாதாரணக் காற்று கொடுத்து, மெல்ல மெல்ல இறக்குவார்கள். ஒரு முறைக்கு 4 மணி 45 நிமிடம். இடைவெளி விடுவதற்குக் காரணம், அந்த அழுத்தத்தில் ஆக்சிஜனே அளவு மிஞ்சினால் வலிப்பு வரலாம். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இதைப் பல முறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அண்ணன் மகனுக்கும் அப்படித்தான். இப்போது நடக்கிறான், வேலைக்கும் போகிறான். வலது பாதத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் இன்னும் உணர்ச்சி வரவில்லை. செருப்பு கழன்று விழுந்தால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான். முதல் இரவே போயிருந்தால் இதுவும் இருந்திருக்காது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொன்னார்.

இந்த நோய்க்கும் உழைப்பாளிகளுக்கும் உள்ள உறவு பழையது. முதலில் இதற்குப் பலியானவர்கள் கடலில் இறங்கியவர்களே அல்ல. 1841இல் பிரான்சில் திரிஜே என்ற பொறியாளர், லுவார் ஆற்றுப் படுகையில் நிலக்கரிச் சுரங்கம் தோண்ட, தண்ணீர் உள்ளே வராமல் அழுத்தக் காற்றை நிரப்பிய இரும்புக் கூண்டில் ஆட்களை இறக்கினார். வேலை முடிந்து வெளியே வந்தவர்களுக்கு மூட்டு வலித்தது. போல், வத்தெல் என்ற இரண்டு மருத்துவர்கள் 1854இல், வெளியே வரும்போதுதான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதினார்கள். வலி வந்தவனை மறுபடி அழுத்தத்துக்குள் அனுப்பினால் வலி குறைகிறது என்பதையும் அவர்களே கவனித்தார்கள். நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துக்கு இதே போல் அழுத்தக் காற்றில் அடித்தளம் தோண்டியபோது மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் 110 பேருக்குச் சிகிச்சை அளித்ததாகப் பதிவு செய்தார். பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் படுக்கையில் விழுந்தார். அவர் மனைவி எமிலி கட்டுமானத்துக்கும் கணவருக்கும் நடுவில் நின்று, 1883இல் பாலம் திறக்கும்வரை வேலையை நடத்திக் கொடுத்தார். குமிழிகள் நைட்ரஜன்தான் என்று பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர் நிறுவியது 1878இல்.

எப்படி ஏறுவது என்பதற்கு விடை கிடைக்க இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று. பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்தார். ஆட்டுக்கு வலித்தால் சொல்லத் தெரியாது. முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து இது வலி என்று குறித்துக்கொண்டார்கள். அழுத்தத்தைப் பாதியாகக் குறைப்பது பெரும்பாலும் தாங்கக்கூடியது, ஆகவே நிறுத்தி நிறுத்தி ஏற வேண்டும் என்ற அவருடைய முறை 1908இல் வெளியானது. இன்றைய டைவ் கம்ப்யூட்டர்கள் பலவற்றிலும் அந்தச் சிந்தனையின் தொடர்ச்சிதான் ஓடுகிறது. ஓர் ஆட்டின் தூக்கிய காலைக் கவனித்து எழுதிவைத்த அக்கறை, தோட்டத்து மனிதனின் தோள்வலிக்குக் கிடைக்காமல் போவதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கிடைக்காமல் போன ஒருவரை எனக்கு நேரில் தெரியும். எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு மாமா. 1980களில் சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியபோது போனவர். அங்கே ஈரமண் சரிந்து விழாமலிருக்கச் சில பகுதிகளில் அழுத்தக் காற்றை நிரப்பி வேலை நடந்தது. அந்தத் தொழிலாளர்களிடையே இந்த நோய் கண்டதும் மருத்துவப் பதிவுகளில் உள்ள விஷயம். மாமாவுக்கு அப்போது முழங்காலில் வலி வந்து வந்து போயிருக்கிறது. (டைவர்களுக்குத் தோளும் முழங்கையும் அதிகம் வலிக்கும், சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்கு முழங்கால்.) ஊருக்குத் திரும்பிச் சில வருஷம் கழித்து இடுப்பு பிடித்துக்கொண்டது. நடை சாய்ந்தது. எக்ஸ்ரேயில் தொடையெலும்பின் தலை உள்ளுக்குள் செத்து நொறுங்கியிருந்தது.

அழுத்தக் காற்றில் வேலை செய்தவர்களுக்கு இப்படி எலும்பு சாவது தெரிந்த விஷயம். இடுப்பிலும் தோளிலும் எலும்பின் தலைக்கு ரத்தம் போவது தடைபட்டு, மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ கழித்துத்தான் வெளியே தெரியும். ஆனால் இடுப்பெலும்பு சாவதற்குக் குடியும் பெரிய காரணங்களில் ஒன்று. தோட்டத்துத் தமிழன், நடுவயசு, இடுப்பெலும்பு செத்திருக்கிறது. அவரைப் பரிசோதித்த இடத்தில் கேட்ட ஒரே கேள்வி, எவ்வளவு குடிப்பாய் என்பது. மாமா குடிக்காதவர். இல்லை என்று சொன்னார், நம்பவில்லை. லயத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அதே பேச்சு பரவியது. ஊன்றுகோலோடு கோயிலுக்கு வந்தவரைப் பார்த்து, ரகசியமாகக் குடித்திருக்கிறார் என்று பேசிய வாய்களை நானே கேட்டிருக்கிறேன். சுரங்கத்தில் எத்தனை மணி நேரம், எந்த அழுத்தத்தில் இருந்தாய் என்று ஒருவர் கேட்டிருந்தால், அவருக்கு இழப்பீடு கிடைத்திருக்குமோ என்னவோ, பேராவது மிஞ்சியிருக்கும்.

அதனால் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை தண்ணீருக்கடியில் வேலை செய்தால், வேலை முடிந்த அன்றைக்கு வரும் எந்த வலியையும் அலுப்பு என்று முடிவு கட்டாதீர்கள். பாதிப் பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், பத்தில் ஒன்பது பேருக்கு ஆறு மணி நேரத்துக்குள்ளும் அறிகுறி தெரிந்துவிடும். சிலருக்கு ஒரு நாள் தாண்டியும் வரும். காரணமில்லாத களைப்பு, தோலில் பளிங்குக் கோலம் போட்டது மாதிரி நீலமும் சிவப்புமான திட்டு, தலைசுற்றல், காலில் ஊசி குத்துவது எல்லாம் இதில் சேரும். படுக்க வையுங்கள். ஆக்சிஜன் கிடைத்தால் உடனே கொடுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் குடிக்கட்டும். வலி போகட்டும் என்று மறுபடி கடலுக்குள் இறக்கும் பழக்கம் சில படகுகளில் இருக்கிறது. அது உயிரோடு விளையாடுவது. ஒரு தாளில் எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம், எத்தனை முறை, கடைசியாக மேலே வந்த மணி என்ன என்பதை எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். ஆக்சிஜனில் வலி குறைந்தாலும் போயே ஆக வேண்டும். குறைவது குணமானதாக ஆகாது.

விடுமுறைக்கு டைவிங் போகிறவர்களுக்கும் ஒன்று. ஒரே ஒரு முறை, அட்டவணைக்குள் இறங்கியிருந்தால் 12 மணி நேரமும், பல முறை இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். மலைச்சாலையும் அதே கணக்குத்தான் என்பது தெரிவதில்லை. 600 மீட்டர் உயரத்துக்கு மேல் போனாலே இந்த எச்சரிக்கை பொருந்தும். பெர்ஹெந்தியான் தீவில் காலையும் மதியமும் டைவ் அடித்துவிட்டு, மாலைப் படகில் கரைக்கு வந்து, மறுநாள் வேலை என்று ராத்திரியோடு ராத்திரியாக ஜெலி, கெரிக் வழியாகப் பேராக் திரும்புகிற பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. அந்தக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை தீத்திவங்சா மலையில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டருக்கு ஏறி இறங்குகிறது. காட்டு வழி, பல இடங்களில் போன் சிக்னலும் இருக்காது. அங்கே ஒருவனுக்குக் கால் மரத்தால் காரில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கோலா பெசுட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் மதியத்துக்கு மேல் கிளம்புங்கள். ஒரு நாள் லீவு கூடுதலாகப் போட்டால் போதும்.